ஃபேக்டரி கிடையாது, விலைக்கு வாங்கிய கார், ஒன்பது கிராண்ட் பிரீ வெற்றி: ராப் வாக்கர் அணி

#1 சோழவரம்புழுதி

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் பற்றிய இழையில் ஒரு தம்பி கேட்டிருந்தார், சொந்தக் காசில் அணி நடத்தி ஃபார்முலா ஒன்னில் ஜெயித்த ஆள் யாராவது உண்டா என்று. அங்கே பதில் எழுதினால் டயர் விலைச் சண்டையில் காணாமல் போய்விடும், அதனால் தனி இழை.

உண்டு. ராப் வாக்கர். ஜானி வாக்கர் விஸ்கிக் குடும்பத்து வாரிசு, 1917இல் பிறந்தவர். வாலிப வயதில் அவரே நன்றாக ஓட்டினார். 1939 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் டெலாஹே காரில் எட்டாவது இடம். இருட்டியதும் கோடு போட்ட சூட்டுக்கு மாறிக்கொண்டு ஓட்டினாராம், ராத்திரியில் கனவான் அப்படித்தான் உடுத்த வேண்டுமென்று. கல்யாணம் ஆனபோது மனைவி, இனி சர்க்யூட் பந்தயம் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். தான் ஓட்டத்தானே கூடாது? உலகப் போர் முடிந்ததும் வேறு ஆளை வைத்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார்.

லண்டனுக்குத் தெற்கே டார்க்கிங் என்ற ஊரில் ஒரு கராஜ். கார்களுக்குக் கருநீலப் பெயின்ட், மூக்கைச் சுற்றி வெள்ளைப் பட்டை. ஜெயித்த கார் எல்லாமே கூப்பர், லோட்டஸ் என்ற கார் தயாரிப்பாளர்களிடம் காசு கொடுத்து வாங்கியவை.

முதல் வெற்றிதான் ரொம்ப சுவாரசியம். 1958 ஜனவரி 19, புவெனஸ் அயர்ஸ். அந்த வருஷம் விதி மாறியது: ஆல்கஹால் கலந்த எரிபொருள் கூடாது, விமானப் பெட்ரோல்தான். பந்தயத் தூரமும் குறைந்தது. வான்வால், பிஆர்எம் என்ற இரண்டு அணிகளும் எஞ்சினை மாற்றி முடிக்கவில்லை, அர்ஜென்டினாவுக்கு வரவில்லை. வான்வால் ஓட்டுநரான ஸ்டிர்லிங் மாஸ் அதனால் சும்மா இருந்தார். வாக்கர் தன் சின்ன கூப்பரைக் கொடுத்தார். 1.96 லிட்டர் கிளைமாக்ஸ் எஞ்சின், அதுவும் ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால். எதிரில் 2.4 லிட்டர் ஃபெராரிகள், ஃபாஞ்சியோவின் மசெராட்டி. மொத்தமே பத்து கார்கள். இந்தக் குட்டிக் காரை யாரும் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. போதாக்குறைக்குப் பந்தயத்துக்குச் சில நாள் முன்பு மாஸுக்குக் கண்ணில் காயம் வேறு.

இங்கேதான் தந்திரம். ஃபெராரி, மசெராட்டி சக்கரங்களுக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு, சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் கழன்றுவிடும். கூப்பருக்கு நம் வீட்டுக் கார் மாதிரி நாலு நட்டு. டயர் மாற்ற பிட்டுக்குள் (பாதையோரத்தில் மெக்கானிக்குகள் நிற்கும் இடம்) வந்தால் நிமிடக்கணக்கில் போய்விடும், பந்தயம் அத்தோடு முடிந்தது. ஆகவே மாற்றவே போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டு, ஐயோ எங்களுக்கு நேரமாகுமே என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி புலம்பினார்கள். கடைசிப் பகுதியில் மெக்கானிக்குகள் டயர்களை எடுத்து வெளியே வைத்து, இதோ வரப்போகிறான் என்பதுபோல ஆயத்தம் காட்டினார்கள். ஃபெராரி நம்பியது. மாஸ் பிட்டுக்குள் போகட்டும், அப்புறம் முந்திக்கொள்ளலாம் என்று ஃபெராரி ஓட்டுநர் முஸ்ஸோ அவசரப்படாமல் பின்னாலேயே வந்தார். மாஸ் போகவில்லை. விஷயம் புரிந்து முஸ்ஸோ துரத்தத் தொடங்கியபோது காலம் கடந்துவிட்டது. 80 சுற்று முடிவில் வித்தியாசம் 2.7 விநாடி. கூப்பரின் டயரில் ரப்பர் தீர்ந்து உள்துணி வெளியே தெரிந்தது.

எஞ்சின் பின்னால் இருக்கும் கார் உலக சாம்பியன்ஷிப்பில் பெற்ற முதல் வெற்றி அது. கூப்பர் காருக்கும் முதல் வெற்றி. தனியார் அணி ஒன்றுக்கும் முதல் வெற்றி. கூப்பரின் சொந்த ஃபேக்டரி அணிக்கே அதுவரை அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

#2 ரெட்லைன்

சார், நாலு நட்டு சமாசாரம் இப்போதுதான் தெரியும். ஆனால் ஃபெராரி பிட்டில் ஒருத்தர் கூடவா டயர் தேய்மானத்தைக் கணக்குப் போடவில்லை? எடை குறைந்த கார் என்றால் டயர் தாங்கும் என்று தோன்றியிருக்க வேண்டாமா?

#3 சோழவரம்புழுதி

தாங்காது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், கூப்பர் ஆட்கள் உட்பட. கடைசியில் துணி தெரிந்ததே, இன்னும் சில சுற்று இருந்திருந்தால் வெடித்திருக்கும். அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு இல்லை, துணிச்சல். ஃபேக்டரி அணியில் இப்படி ஒரு சூதாட்டத்துக்கு மேலிடத்தில் அனுமதி கேட்க வேண்டும். இங்கே ஓட்டுநரும் மெக்கானிக்கும் பேசி முடித்துவிட்டார்கள்.

#4 புதுப்பேட்டைபோல்ட்டு

அண்ணே, மெக்கானிக் பேச்சு வந்ததால் நானும் வந்தேன். ஆல்ஃப் பிரான்சிஸ் பெயரைச் சொல்லாமல் வாக்கர் கதையை முடிக்க விடமாட்டேன்.

போலந்தில் பிறந்தவர், போர்க் காலத்தில் இங்கிலாந்து வந்தவர், வாக்கரின் தலைமை மெக்கானிக். 1961 மொனாக்கோவைக் கேளுங்கள். கார்கள் ஸ்டார்ட்டிங் கிரிட்டில் நிற்கின்றன, மாஸ் முதலிடம். காரைச் சுற்றிப் பார்க்கும்போது சட்டகத்துக் குழாய் ஒன்றில் விரிசல். பெட்ரோல் டாங்கி பக்கத்திலேயே, அதுவும் நிரம்பிய டாங்கி. பிரான்சிஸ் ஈரத் துண்டுகளை டாங்கி மேல் சுற்றிப் போட்டுவிட்டு, கேஸ் வெல்டிங் டார்ச்சை எடுத்து அங்கேயே பற்றவைத்தார். சுற்றி நின்றவர்கள் நைசாக நகர்ந்துவிட்டார்களாம். நகராமல் என்ன செய்வார்கள்!

அந்தக் காரில்தான் மாஸ் 100 சுற்றும் ஓட்டினார், இரண்டே முக்கால் மணி நேரம். காற்று வரட்டும் என்று காரின் பக்கவாட்டுத் தகடுகளைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள், அவர் ஸ்டீயரிங்கைத் திருப்புவதே வெளியிலிருந்து தெரியும். லோட்டஸ் 18, கிளைமாக்ஸ் நாலு சிலிண்டர், சுமார் 150 குதிரைத்திறன். பின்னால் மூன்று ஃபெராரிகள், ஒவ்வொன்றுக்கும் சக்தி கணிசமாக அதிகம். ரிச்சி கின்தர் கடைசிவரை துரத்தினார். 3.6 விநாடியில் மாஸ் ஜெயித்தார். இருவரின் அதிவேகச் சுற்றும் ஒரே நேரம், 1:36.3.

ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சின்ன அணிக்கு நான் ஸ்பேனர் பிடித்த காலம் உண்டு. எஸ்டீம் கார்கள். சனிக்கிழமை குவாலிஃபையிங்கில் டிரைவ்ஷாஃப்ட் போனால், ஞாயிறு காலைக்குள் புதுப்பேட்டையில் எவனையாவது எழுப்பி ஷட்டரைத் திறக்க வைக்க வேண்டும். ஸ்பான்சர் செக் எப்போதும் "அடுத்த வாரம்". முதலாளி தன் பைக்கை விற்று டயர் வாங்கினார். ஆனால் அந்த பேடாக்கில் எனக்கு மேல் யாரும் கிடையாது. என்ன ஜெட் போடலாம், எவ்வளவு காற்று அடிக்கலாம் என்று நானும் ஓட்டுபவரும் பேசினால் முடிந்தது. அப்புறம் ஒரு பெரிய கம்பெனி டீமுக்குப் போனேன். சம்பளம் முதல் தேதி வந்தது. ஒரு ஸ்பிரிங் மாற்ற மூன்று பேர் கையெழுத்து.

#5 கணக்குவாத்தியார்

எல்லோரும் உருகுவதால் நான் எதிர்க்கட்சி.

ஒன்பது வெற்றி, சரி. அதில் ஏழு மாஸ் ஓட்டியவை. 1958 அர்ஜென்டினா, 1959 போர்ச்சுகல், இத்தாலி, 1960 மொனாக்கோ, அமெரிக்கா, 1961 மொனாக்கோ, ஜெர்மனி. அந்தக் காலகட்டத்தின் தலைசிறந்த ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு வந்தால் மாட்டு வண்டியும் ஜெயிக்கும். அணியின் சாதனை எங்கே?

இரண்டாவது, 1959ஐ மறந்துவிட்டீர்கள். அந்த வருஷம் மாஸ் உலக சாம்பியன் ஆகியிருக்க வேண்டியவர். வாக்கர் அணி கூப்பரின் கியர்பாக்ஸை நம்பாமல் இத்தாலியில் கொலோட்டி என்பவரிடம் தனியாகச் செய்து வாங்கிப் பொருத்தியது. மொனாக்கோவில் முன்னணியில் இருக்கும்போது பின்பக்க டிரான்ஸ்மிஷன் காலி. ஹாலந்தில் முன்னணியில் இருக்கும்போது கியர்பாக்ஸ் காலி. பட்டம் முடிவாகும் கடைசிப் பந்தயம் செப்ரிங்கில், முன்னால் ஓடிக்கொண்டிருந்தவர் ஐந்தாம் சுற்றிலேயே மறுபடி டிரான்ஸ்மிஷன் போய் நின்றார். பட்டம் யாருக்கு? ஃபேக்டரி கூப்பர் ஓட்டிய ஜாக் பிராபமுக்கு. நானும் ஓட்டுநரும் பேசினால் முடிந்தது என்றாரே போல்ட்டு, அப்படிப் பேசி முடித்ததில்தான் இந்த கியர்பாக்ஸும் வந்தது. மூன்று கையெழுத்து இருந்திருந்தால் யாராவது ஒருத்தர் வேண்டாம் என்றிருப்பார்.

மூன்றாவது, விஸ்கிக் காசு. புதுப்பேட்டையில் பைக்கை விற்றவரையும் இவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

#6 புதுப்பேட்டைபோல்ட்டு

கியர்பாக்ஸ் அடி சரியான அடி வாத்தியாரே, அதில் நான் வாய் திறக்க மாட்டேன். மாட்டு வண்டிக்கு மட்டும் ஆட்சேபணை. மாட்டு வண்டி 100 சுற்று ஓடி முடிக்க வேண்டுமே, அது யார் வேலை?

#7 சோழவரம்புழுதி

வாத்தியார் சொன்னதில் மாஸ் கணக்கு உண்மை. ஆனால் மீதி இரண்டைப் பாருங்கள், அவை கொஞ்சம் வேறு கதை சொல்கின்றன.

1958 மொனாக்கோ. அங்கே மாஸ் வான்வாலில் ஓட்டினார், நின்றுபோனார். வாக்கரின் கூப்பரில் இருந்தவர் மொரீஸ் டிரன்டின்யான், நாற்பது வயதுப் பிரெஞ்சுக்காரர், நிதானமான ஓட்டுநர், மேதை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வேகமான கார்கள் ஒவ்வொன்றாகப் பழுதாக, இவர் கார் பழுதாகாமல் ஓடி ஜெயித்தது. அது மெக்கானிக் ஜெயித்த பந்தயம் என்பேன்.

கடைசி வெற்றி 1968 ஜூலை 20, பிராண்ட்ஸ் ஹாட்ச். அதற்குமுன் அந்த அணி பட்டபாடு கொஞ்சமல்ல. மாஸ் 1962 குட்வுட் விபத்தோடு ஓய்ந்துவிட்டார் (அது வாக்கர் நடத்திய கார் அல்ல). அதே வருஷக் கடைசியில் ரிகார்டோ ரோட்ரிகஸ் மெக்சிகோவில் வாக்கரின் லோட்டஸில் இறந்தார், அவருக்கு வயது 20. அடுத்த மாதம் கேரி ஹாக்கிங் தென்னாப்பிரிக்காவில், அதுவும் வாக்கர் காரில். இதற்குமேல் வேண்டாம் என்று வாக்கர் மூட்டை கட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தொடர்ந்தார்.

1968இல் ஜாக் டர்லாக்கர் என்ற கூட்டாளியோடு சேர்ந்து லோட்டஸ் 49 வாங்கினார்கள். சுவிட்சர்லாந்துக்காரர் ஜோ சிஃபர்ட் முதல் பயிற்சியிலேயே அதை நொறுக்கினார். நொறுங்கிய காரை டார்க்கிங் கராஜில் பிரித்துக்கொண்டிருந்தபோது தீப்பிடித்துக் காரோடு பட்டறையும் பழைய கார்களும் எரிந்தன. பிரிட்டிஷ் கிராண்ட் பிரீக்குச் சற்று முன்புதான் புது 49பி கைக்கு வந்தது. லோட்டஸின் ஃபேக்டரி கார்கள் இரண்டும் முன்னணியில் ஓடி நின்றுபோயின. சிஃபர்ட்டும் ஃபெராரியின் கிரிஸ் ஏமனும் கடைசிவரை முட்டிக்கொண்டு, 4.4 விநாடியில் சிஃபர்ட் ஜெயித்தார். உலக சாம்பியன்ஷிப் பந்தயம் ஜெயித்த முதல் சுவிஸ் ஓட்டுநர்.

விஸ்கிக் காசு விஷயத்தில் ஒன்று. காசு மட்டும் போதும் என்றால் விற்பவர் கடையில் புதுச் சரக்கைக் கொடுத்திருப்பார். 1960 மொனாக்கோவில் லோட்டஸ் காருக்கு முதல் கிராண்ட் பிரீ வெற்றியைத் தேடிக்கொடுத்ததே வாக்கர்தான். லோட்டஸ் முதலாளி கோலின் சாப்மனின் சொந்த அணி முதலில் ஜெயித்தது 1961 அக்டோபரில். அப்படிப்பட்ட வாடிக்கையாளருக்கு 1961இல் புது லோட்டஸ் 21 கிடைக்கவில்லை. லோட்டஸுக்கு எஸ்ஸோ எண்ணெய் ஒப்பந்தம், வாக்கருக்கு பிபி. எஸ்ஸோ சம்மதிக்கவில்லை. கடைசிப் பந்திக்கு வந்து சேரும் பாயசம்தான் வெளியாளுக்கு. போல்ட்டு சொன்ன மொனாக்கோ வெற்றி அந்தப் பழைய காரில் வந்தது. ஆகஸ்டில் நூர்பர்க்ரிங்கிலும் அதே பழசுதான். டன்லப் ஆட்கள் வேண்டாம் என்றபோதும் மழை டயரிலேயே கிளம்பி, ஃபெராரிகளை இருபது விநாடிக்குமேல் பின்னுக்குத் தள்ளினார் மாஸ்.

#8 நாலாவதுவளைவு

ஒரு திருத்தம் கேட்கலாமா? விலைக்கு வாங்கிய காரில் ஜெயித்த கடைசி அணி வாக்கர் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். 1970 ஸ்பெயினில் ஜாக்கி ஸ்டூவர்ட் ஜெயித்தது மார்ச் என்ற நிறுவனம் செய்து விற்ற 701 காரில். நடத்தியவர் கென் டிரெல், மரக்கடை வியாபாரி. அதற்கு முந்தைய வருஷம் மாத்ரா காரில் உலக சாம்பியன்ஷிப்பே வாங்கினார். ஹெஸ்கெத் பிரபு 1975 ஹாலந்தில் ஜேம்ஸ் ஹண்ட்டை வைத்து ஃபெராரியின் லவுடாவைத் தோற்கடித்தது வேறு இருக்கிறது. 2008 மோன்சாவில் டோரோ ரோஸ்ஸோ கூட ரெட் புல் வடிவமைத்த கார்தானே?

#9 கணக்குவாத்தியார்

ஹெஸ்கெத் 1973இல் வாங்கிய மார்ச் காரோடு வந்தார், ஆனால் ஜெயித்தது சொந்தமாகச் செய்த 308 காரில். அது கணக்கில் வராது. காரில் ஸ்பான்சர் பெயரே இல்லாமல் ஓட்டியது மட்டும் அழகு, அந்த வருஷக் கடைசியிலேயே காசு தீர்ந்து விலகினார். டோரோ ரோஸ்ஸோ ரெட் புல் முதலாளியின் இரண்டாவது கடை, தனியார் என்று சொன்னால் சிரிப்பார்கள். டிரெல் மட்டும் இழுபறி. கார் வாங்கியதுதான், ஆனால் பின்னால் ஃபோர்டு, டன்லப் என்று பெரிய கைகள் இருந்தன. நான் டிரெல் பக்கம் வாக்குப் போடுவேன். புழுதி சார் கோபித்தாலும் சரி.

#10 ரெட்லைன்

அப்படியானால் நம்ம அஜித் சார் அணியை எந்தக் கணக்கில் சேர்ப்பது? 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரத்தில் போர்ஷே 991 பிரிவில் மூன்றாவது இடம். அதுவும் சொந்த அணி, விலைக்கு வாங்கக் கிடைக்கும் கார். இன்றைக்கும் சாத்தியம் என்றுதானே அர்த்தம்?

#11 மட்டுறுத்துநர்

அஜித் அணி பற்றிப் பேசலாம். படம், பாக்ஸ் ஆபீஸ், மற்ற நடிகர்கள் பற்றி ஒரு வரி வந்தாலும் நீக்கப்படும். முன் அனுபவம் இருக்கிறது.

#12 சோழவரம்புழுதி

ரெட்லைன் தம்பி நல்ல இடத்தில் கை வைத்தார். அஜித் இந்த வழியில் திடீரென்று வந்தவர் இல்லை. 2003இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010இல் ஃபார்முலா டூ ஓட்டியவர். துபாயில் பயிற்சியின்போது பெரிய விபத்து. அப்புறம் தன் அணியின் காரில் ஓட்டுவதை விட்டுக்கொடுத்துவிட்டு அணி முதலாளியாக நின்றார், வேறு ஒரு அணியின் ஜிடி4 பிரிவு காரை ஓட்டினார். காரைப் பராமரித்து நடத்தியது ஹாலந்து நாட்டு பாஸ் கூட்டன் ரேசிங். வாக்கர் கதையில் பிரான்சிஸ் செய்த வேலை இங்கே இன்னொரு நிறுவனம் செய்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் கட்சி இதுதான்: சின்ன அணி செத்துப்போனது காசு இல்லாமல் அல்ல, கார் விற்பனைக்கு இல்லாமல் போனதால். போர்ஷே தன் கப் காரை, அதாவது பந்தயத்துக்கென்றே செய்த காரை, யார் பணம் கட்டினாலும் விற்கிறது. அதனால் ஜிடி எனப்படும் ஸ்போர்ட்ஸ் கார் பந்தயங்களில் இன்றும் கராஜ் அணிகள் நூற்றுக்கணக்கில். ஃபார்முலா ஒன்னில் அணிகளும் நிர்வாகமும் போட்டுக்கொண்ட 1981 கான்கார்ட் ஒப்பந்தம் வந்த பிறகு, உன் காரின் வடிவமைப்பு உன்னுடையதாக இருக்க வேண்டும். விற்பனை நின்றது. அதற்குக் கொஞ்சம் முன்பு 1977இல் ஃபிராங்க் வில்லியம்ஸ் ஒரு பழைய மார்ச் காரை வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கதவு அப்போதே மூடியிருந்தால் வில்லியம்ஸ் அணியே இருந்திருக்காது.

#13 நாலாவதுவளைவு

தீவுத்திடல் நைட் ரேஸ் எந்த வகை சார்? 2024 ஆகஸ்ட் கடைசியில் போனேன். சிவானந்தா சாலையில் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அணிக்கு ஊர் பெயர், முதலாளிக்கு நட்சத்திரப் பெயர்.

#14 கணக்குவாத்தியார்

எல்லா அணிக்கும் ஒரே மாதிரி கார், அமைப்பாளரே கொண்டுவந்து வைப்பார். உரிமம் வாங்குகிறீர்கள், அணியை அல்ல. செலவு கட்டுக்குள் இருக்கும், ஓட்டுநர் திறமை தெரியும், அது நல்லதுதான். ஆனால் அங்கே ஒரு வாக்கர் வந்தால் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை.

#15 புதுப்பேட்டைபோல்ட்டு

நம் ஊர் பழைய கதையையும் போட்டுவிடுகிறேன், இளசுகளுக்காக. சோழவரம் போர்க்கால விமான ஓடுதளம், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ரேஸ் நடத்திய காலத்தில் கார் வைத்திருப்பவன்தான் அணி. விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா ஒன் காரைக் கொண்டுவந்து ஓட்டியதும் அங்கேதான். என்சைனும் இங்கிலாந்தில் மோ நன் என்பவர் நடத்திய குட்டி அணி. கோயம்புத்தூர் கரிவரதன் எண்பதுகளின் கடைசியில் மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி காரைச் செய்து கொடுத்ததும்தான் சாதாரண ஆளும் ஒற்றை இருக்கைக் கார் வாங்க முடிந்தது. நரேன் கார்த்திகேயன் அந்தக் காரில் பழகியவர். புழுதி அண்ணன் கட்சிக்கு இது சரியான சாட்சி: கார் விற்பனைக்கு வந்தது, அணிகள் முளைத்தன. பாகமும் மாருதி பாகம், எந்தத் தெருவிலும் கிடைத்தது. 1995இல் விமான விபத்தில் கரிவரதன் போனது இந்திய ரேஸிங்குக்கு விழுந்த பெரிய அடி.

அப்புறம் 2005இல் ஃபார்முலா ஒன்னில் நரேன் ஓட்டியது ஜோர்டான் காரில். எடி ஜோர்டான் 1991இல் கிட்டத்தட்டக் கடன் மேல் தொடங்கிய அணி. நரேன் ஓட்டும்போதே கைமாறியிருந்தது. அப்புறம் மிட்லண்ட், ஸ்பைக்கர், மல்லையாவின் ஃபோர்ஸ் இந்தியா, ரேசிங் பாயின்ட், இப்போது ஆஸ்டன் மார்ட்டின். சில்வர்ஸ்டோனில் அதே இடம்தான்.

#16 ரெட்லைன்

கடைசிக் கேள்வி சார். சிஃபர்ட் ஜெயித்த பிறகு வாக்கர் என்ன ஆனார்? திவாலா?

#17 சோழவரம்புழுதி

திவால் எல்லாம் இல்லை தம்பி. 1970இல் கிரகாம் ஹில்லை வைத்து லோட்டஸ் ஓட்டினார். ஹில் அப்போதுதான் இரண்டு கால்களும் முறிந்து தேறி வந்திருந்தார். பெரிய பலன் இல்லை. செலவு கட்டுப்படியாகாமல், அடுத்த வருஷம் கையில் இருந்த ஸ்பான்சரையும் அழைத்துக்கொண்டு ஜான் சர்டீஸ் அணியோடு சேர்ந்துவிட்டார். அத்தோடு கருநீலக் கார் நின்றது. ஆனால் மனுஷர் சர்க்யூட்டை விடவில்லை. அமெரிக்காவின் ரோட் அண்ட் டிராக் பத்திரிகைக்கு கிராண்ட் பிரீ கட்டுரைகள் எழுதிக்கொண்டு வருஷக்கணக்கில் சுற்றினார். 2002 ஏப்ரலில் இறந்தார். பாஸ்போர்ட்டில் தொழில் என்ற இடத்தில் "கனவான்" என்று போட்டிருந்தாராம்.

வாத்தியாருக்கு: டிரெல் விஷயத்தில் கோபம் இல்லை. ஆனால் தனி இழை தொடங்குங்கள், 1970 மார்ச் காருக்கு யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று அங்கே பிரித்து மேயலாம்.